எஞ்சின் நின்ற பிறகும் நாற்பது வினாடி

யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஹெலிகொப்டர் என்று நீட்டிச் சொல்லத் தேவையில்லை. "ஹெலி" என்றால் போதும். சத்தத்தை வைத்தே வகை பிரித்த தலைமுறை அது. தூரத்தில் காற்றை அறைந்துகொண்டு "டப், டப், டப்" என்று வந்தால் பெல் 212. அதன் தலையில் சுற்றுவது இரண்டே இரண்டு தகடுகள், முனைக்கு முனை 48 அடி. அதனால்தான் அந்த அறை. எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடுவது, எதற்கு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத படிப்பு. அந்தச் சத்தம் நடுவானில் நின்றுபோனால் உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்று அப்போது நான் யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால், நின்றுபோனால் நல்லது என்றுதான் நினைத்திருப்பேன்.

இப்போது யோசிக்க வைத்தவை 2025இல் நடந்த இரண்டு விபத்துகள். மே 9ஆம் திகதி மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விமானப்படையின் பெல் 212 ஒன்று விழுந்தது. அதில் இருந்த 12 பேரில் 6 பேர் இறந்தார்கள், 6 பேர் பிழைத்தார்கள். நவம்பர் 30ஆம் திகதி, டித்வா புயல் நிவாரணத்தின்போது லுணுவில பக்கம் இன்னொரு பெல் 212 விழுந்தது. விமானி இறந்துபோனார். கூட இருந்தவர்கள் தப்பினார்கள். இரண்டு முறையும் தேநீர்க்கடையில் கேட்ட கதை ஒன்றுதான். "விழுந்தும் எப்படித் தப்பினவங்கள்?" ஒருவர் கடவுள் என்றார். மற்றவர் விமானி கெட்டிக்காரன் என்றார். அதோடு கதை முடிந்தது.

இரண்டு பதிலும் பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டுமே கதையை விழுந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஹெலியில் தப்புவது தரையைத் தொடும் கணத்தில் முடிவாவதில்லை. அதற்கு நாற்பது வினாடிக்கு முன்பு யார் யாரிடம் என்ன சொன்னார்கள், கேட்டவர் அதை உடனே நம்பினாரா என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி அதற்கும் பல மாதம் முன்பே, பயிற்சியிலும் பட்டறையிலும் முடிவாகிவிடும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழற்றிவிடுவோம். எஞ்சின் நின்றால் விமானம் மிதந்து இறங்கும், ஹெலி கல்லைப் போல விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சின்ன வயதில் பனையோலையில் காற்றாடி செய்து, ஈர்க்கில் குத்திக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடியிருப்பீர்கள். அந்தக் காற்றாடிக்கு எஞ்சின் ஏது? நீங்கள் ஓட ஓட எதிர்க்காற்று அதைச் சுற்றுகிறது. ஹெலியின் பெரிய விசிறிக்கும் அதுவே பொருந்தும். எஞ்சின் ஓடும்போது விசிறி மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளும். எஞ்சின் நின்று ஹெலி இறங்கத் தொடங்கினால் காற்று கீழிருந்து மேல்நோக்கி விசிறிக்குள் புகுந்து வரும். அந்தக் காற்றே விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுகிற விசிறிக்குத் தூக்கும் சக்தியும் உண்டு, திருப்பும் சக்தியும் உண்டு. அதாவது, ஹெலி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

நின்றுபோன எஞ்சின் விசிறியையும் பிடித்து நிறுத்திவிடாதா என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம், சைக்கிள் பிறீவீலை நினைத்தால் சரி. மிதிப்பதை விட்டாலும் சில்லு உருண்டுகொண்டே போகிறது அல்லவா? எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் அதே மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது. எஞ்சின் செத்தாலும் விசிறி தன்பாட்டில் சுற்றும்.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. விமானியின் இடது கையில் ஒரு நெம்பு இருக்கும். அதை உயர்த்தினால் எல்லாத் தகடுகளும் ஒன்றாகச் சரிந்து காற்றை அதிகம் அள்ளும், ஹெலி ஏறும். எஞ்சின் நின்ற கணத்தில் அந்த நெம்பைக் கீழே இறக்கித் தகடுகளைப் படுக்கவைக்க வேண்டும். பிந்தினால் விசிறியின் வேகம் சரியும். ஓர் அளவுக்குக் கீழே சரிந்துவிட்டால் பிறகு எந்த வித்தை தெரிந்தும் பயனில்லை. சிறிய ஹெலிகளில் இதற்கு ஒன்று, ஒன்றரை வினாடிதான் கிடைக்கும். தகடு கனமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1500 அடி என்று வைத்துக்கொண்டால், 1000 அடி உயரத்தில் இருப்பவனுக்கு நாற்பது வினாடி. தலைப்பில் சொன்ன கணக்கு அதுதான்.

தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டும். முன்னோட்டம் குறையும், இறக்கமும் தணியும், விசிறிக்கும் இன்னொரு உந்தல் கிடைக்கும். கடைசியாக, சில அடி உயரத்தில், நெம்பை மேலே இழுத்தால் விசிறியில் மிச்சமிருக்கிற சுழற்சி எல்லாம் தூக்கலாக மாறி ஹெலியைத் தாங்கி இறக்கும். மண் உண்டியலை உடைப்பது மாதிரி, ஒரு தடவைதான். கொஞ்சம் உயரத்திலேயே உடைத்துவிட்டால் மிச்சத் தூரத்துக்குக் கையில் ஒன்றும் இராது.

இதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. உயரமும் வேகமும்தான் இங்கே சேமிப்பு. தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பவனிடம் சேமிப்பு இல்லை. வெள்ளத்தில் கூரை மேல் நிற்கிற சனத்தைக் கயிறு விட்டுத் தூக்குகிறார்களே, அந்த ஹெலி நூறு அடியில் அசையாமல் நிற்கிறது. எஞ்சின் நின்றால் காற்றாடி வித்தை காட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. பெல் 212இல் இரண்டு எஞ்சின் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நிவாரண வேலை என்பது மற்றவனைக் காப்பாற்றுவதற்காகத் தன் சேமிப்பை எல்லாம் செலவழித்துவிட்டு நிற்பது. செய்தியில் ஹெலி நிற்கிற படத்தைப் பார்க்கும்போது இனி இது ஞாபகம் வரட்டும்.

சரி, இந்த நாற்பது வினாடி குடாநாட்டுக்கு மேலே வந்தால்? விமானி உடனே தேடுவது வெளி. நமது நிலம் தட்டை, அது நல்லது. ஆனால் தட்டை என்று இறங்கப் போனால் பனை, பனைக்கு நடுவில் வடலி, வீட்டுக்கு வீடு மதில், ஒழுங்கைக்கு ஒழுங்கை மின்கம்பி, தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு. இதில் கம்பிதான் மோசம், மேலிருந்து பார்க்கக் கண்ணுக்கே தெரியாது. விமானிகள் கம்பியைத் தேடுவதில்லை, தூணைத் தேடுவார்கள். இரண்டு தூண் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று கணக்கு. வடமராட்சிக்குப் போகிற வழியில் வரும் வல்லைவெளி இப்படியான நேரத்துக்கு வரம். மரமில்லை, வீடில்லை, காற்று மட்டும். சின்ன வயதில் பேய்க்கதை கேட்டுப் பயந்த அந்த வெளியை ஒரு விமானியின் கண்ணால் பார்த்தால் எவ்வளவு அழகாகத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எஞ்சின் நிற்பது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. வாலில் சுற்றும் சின்ன விசிறி போனால் கதை வேறு. பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது வால் விசிறி. வால் அறுந்த பட்டம் எப்படிக் குத்துக்கரணம் போடும் என்று வல்வெட்டித்துறைப் பட்டப்போட்டியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 ஜனவரி 19ஆம் திகதி வடகடலுக்கு மேலே எண்ணெய்த் தொழிலாளரை ஏற்றிச் சென்ற சூப்பர் பூமா ரக ஹெலி ஒன்றின் வால் விசிறியை மின்னல் தாக்கியது. கொஞ்ச நேரத்தில் வால் விசிறி முற்றாகப் போய்விட்டது. விமானி காற்றாடி முறையில் அலையடிக்கும் கடலில் இறக்கினார். மிதவைகள் தாங்கின. 18 பேரும் உயிர்காப்புப் படகில் ஏறித் தப்பினார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. அது இராணுவ ஹெலி அல்ல. ஆனால் ஒரு வினாடியும் வீணாகாமல் எல்லாம் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி மனிதர்களுக்கு வருவோம். ஹெலியை ஓட்டுவது ஒரு ஆள் என்று நினைக்கிறோம். இராணுவ ஹெலியில் அப்படி இருப்பது அரிது. இரண்டு விமானிகள் முன்னால். எம்.ஐ. 8, எம்.ஐ. 17 என்றால் அவர்களுக்கு நடுவில் பறப்புப் பொறியியலாளர். பின்னால் கதவோரம் ஒருவரோ இருவரோ, துவக்கோடும் இருப்பார்கள், சில வேளை கயிற்றோடும் இருப்பார்கள். முன்னால் இருப்பவர்களுக்கு வால் தெரியாது. வால் எங்கே இருக்கிறது, அதற்குப் பின்னால் மரமா மதிலா என்பதைச் சொல்வது கதவில் நிற்பவர். பதவியில் அவர்தான் கடைசி. ஆனால் தரையை நெருங்கும்போது எல்லாருடைய உயிரும் அவர் வாயில் இருக்கிறது.

எங்கள் தோட்டங்களில் இறைப்பு மெசின் வருவதற்கு முன், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரமான துலா இருந்தது. ஆடுகாலில் கிடக்கும் துலாவின் மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றடியில் ஒருவர் தண்ணீர் அள்ளும் பட்டையை இறக்கி, நிரப்பி, வாய்க்காலில் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் ஒருவர் தண்ணீர் மாறுவார். மேலே மிதிப்பவருக்குக் கீழே பட்டை எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரியாது. கீழே நிற்பவரின் குரலை நம்பித்தான் அடுத்த அடியை வைப்பார். குரல் ஒரு கணம் பிந்தினாலோ, மிதிப்பவர் தன் எண்ணப்படி ஓர் அடி கூடுதலாக வைத்தாலோ விழுவது மேலே நிற்பவர்தான். என் தாத்தா துலா மிதித்த காலத்தில், பட்டை பிடிப்பவர் யார் என்று கேட்ட பிறகுதான் ஏறுவாராம். "ஆளைத் தெரியாமல் துலாவில ஏறக்கூடாது" என்பது வீட்டில் அடிக்கடி கேட்ட பேச்சு.

ஹெலிக்குள் நடப்பதும் இதுதான், நேரம்தான் குறைவு. அதனால் பேச்சைச் சுருக்கி, முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். ஒரு விமானி மற்றவரிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கும்போது "உன்னிடம்" என்று ஒருவர் சொல்ல, "என்னிடம்" என்று மற்றவர் சொல்ல, முதலாமவர் மறுபடி "உன்னிடம்" என்று உறுதி செய்கிறார். மூன்று சொல். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு பேரும் மற்றவன் பிடித்திருக்கிறான் என்று நினைத்துக் கையை விட்டதாலும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இழுத்ததாலும் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று சொல் அது.

எஞ்சின் தீப்பிடித்தால் இன்னொரு வழக்கம். எந்த எஞ்சினை நிறுத்தப் போகிறேன் என்று ஒருவர் அந்த எஞ்சினுக்கான நெம்பில் கைவைத்துக் காட்டுவார். மற்றவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இழுப்பார். 1989 ஜனவரி 8ஆம் திகதி இங்கிலாந்தில் கெக்வேர்த் அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள். பழுதானது இடது எஞ்சின். விமானிகள் நிறுத்தியது வலது எஞ்சினை. பின்னால் இருந்த பயணிகளும் பணியாளர்களும் இடது பக்கம் தீயைக் கண்டிருக்கிறார்கள். வலது எஞ்சின் என்று கப்டன் ஒலிபெருக்கியில் சொன்னதையும் பயணிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை.

"பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க கதைக்காத" என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த விஷயம் நமக்கு உறைக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே வியாதி இருந்தது. 1978 டிசம்பர் 28ஆம் திகதி போர்ட்லண்டில், சில்லு சரியாக இறங்கியதா என்ற கவலையில் கப்டன் வானத்தில் சுற்றிக்கொண்டே இருக்க, எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று பொறியியலாளர் சொல்லத்தான் செய்தார், ஆனால் பதமாக, மரியாதையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு நாசா ஒரு பட்டறை கூட்டி இதையெல்லாம் அலசியது. 1981இல் அந்த விமான நிறுவனமே, கீழே இருப்பவர் அழுத்திச் சொல்வதையும் மேலே இருப்பவர் காது கொடுப்பதையும் பாடமாக வைத்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் விமான நிறுவனங்களின் விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம். அமெரிக்க இராணுவ ஹெலிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு தடவை எச்சரித்தும் ஓட்டுபவர் பதில் தராவிட்டால் மற்றவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கலாம் என்றே விதி வைத்திருக்கிறார்கள். பதவி பார்க்கக் கூடாது. நம்மூர்க் கோயில் தர்மகர்த்தா சபைக்கும் இந்த விதி வந்தால் நல்லது, அது வேறு கதை.

பயம் என்ன செய்யும் என்பதையும் சொல்லவேண்டும். திடீரென்று மணி அலறி, சிவப்பு விளக்கு எரிந்தால் மனிதனுக்கு முதலில் போவது காது. கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். ஒரு வினாடி ஒரு நிமிடமாக நீளும். கணக்குப் போடும் மூளை வேலை செய்யாது, பழகிய கைதான் வேலை செய்யும். அதனால்தான் எஞ்சின் நிற்பதை வேண்டுமென்றே உண்டாக்கி, மறுபடி மறுபடி பயிற்சி. அதற்கும் எல்லை உண்டு. 2011 மே 2ஆம் திகதி அபோட்டாபாத்தில் பின்லாடனைத் தேடிப் போன அமெரிக்க ஹெலிகளில் ஒன்று, வீட்டின் உயர்ந்த மதில்களுக்கு நடுவே தான் தள்ளிய காற்றிலேயே தான் அமிழ்ந்து விழுந்தது. ஒத்திகை பார்த்த இடத்தில் மதிலுக்குப் பதில் கம்பிவலை போட்டிருந்தார்கள். காற்று வெளியேற அங்கே வழி இருந்தது, இங்கே இல்லை. விமானி மூக்கை மண்ணில் குத்தி, கவிழாமல் இறக்கினார். யாருக்கும் பெரிய காயமில்லை.

எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும் கதை 1982இல் பிரிட்டனும் ஆர்ஜென்ரீனாவும் மோதிய போக்லண்ட் போரில் நடந்தது. பிரிட்டிஷ் கப்பல் ஒன்று ஏவுகணையில் எரிந்தபோது அதில் இருந்த மூன்று சினூக் ஹெலிகளும், உதிரிப்பாகம், கருவிகள் எல்லாமும் போய்விட்டன. அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த ஒரே ஒரு சினூக் மட்டும் மிஞ்சியது. வானொலிக் குறியீட்டில் அதன் பெயர் பிராவோ நவம்பர். மே 30 இரவு கென்ற் மலைக்குப் பீரங்கிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பனிப்புயல். உயரமானி பழுது. ஓட்டியவர் டிக் லாங்வேர்தி, பக்கத்தில் அண்டி லோலஸ். இருட்டில், ஏறக்குறைய 100 நொட் (மணிக்கு 185 கிலோமீற்றர்) வேகத்தில் ஹெலி கடலில் அடித்தது. தண்ணீர் எஞ்சினுக்குள் தெறித்து வேகம் இறங்கத் தொடங்கியது. வெளியேறவேண்டி வரும் என்று லோலஸ் தன் பக்கக் கதவைக் கழற்றி எறிந்தார். அப்படியே இரண்டு பேரும் நெம்பை இழுக்க, எஞ்சின் மறுபடி பிடித்தது. கடலை விட்டு மேலே எழுந்தது. கதவில்லாமல் திரும்பி வந்து, உதிரிப்பாகமும் கையேடும் இல்லாமலே, போர் முடியும்வரை பறந்தது. பிறகும் நாற்பது ஆண்டு பறந்து, இப்போது அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இதில் கதவைக் கழற்றியதைத்தான் நான் கவனிக்கிறேன். ஒருவர் தப்பிக்க வழி திறக்கிறார், இன்னொருவர் பறக்க முயல்கிறார். ஒருவரை ஒருவர் கோழை என்றோ பைத்தியம் என்றோ நினைக்கவில்லை. இரண்டும் தேவைப்படலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தமிழில் கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, பட்டை பிடிப்பவன் மேல் வைப்பதும் நம்பிக்கை. ஒரே சொல். தப்பி வந்த விமானிகளிடம் கேட்டால் பலர் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள், அது பொய்யல்ல. விமானிகளுக்கென்று ஒரு மாதாவே உண்டு. 1920இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்ற் இத்தாலியின் லொரேத்து மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். மாதாவின் வீட்டைத் தேவதூதர்கள் ஆகாயத்தால் தூக்கிவந்தார்கள் என்பது அந்தத் தலத்தின் ஐதீகம், பொருத்தமான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். இந்த நாட்டில் கையில் பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் கட்டாத விமானப்படைக்காரனைக் காண்பது கடினம். நம் வல்வெட்டித்துறையின் கப்பல் தலைவர்களான தண்டையல்மார் அம்மனைக் கும்பிடாமல் பாய் விரித்ததில்லை. 1938இல் அந்த ஊரின் பாய்க்கப்பல் அன்னபூரணி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைவரை போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர்கள் கும்பிடவும் தெரிந்தவர்கள், பாய் கட்டவும் தெரிந்தவர்கள்.

நாற்பது வினாடிக்குள் கும்பிட எங்கே நேரம் என்று கேட்கலாம். நெம்பில் கை வைத்திருப்பவனுக்கு உண்மையில் நேரமில்லை. ஆனால் "முருகா" என்பதற்கோ "மாதாவே" என்பதற்கோ ஒரு மூச்சுத்தான் செலவு. அந்த ஒரு மூச்சை நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும், இது உடற்கூற்று உண்மை. எங்கேயோ குத்தி நின்ற கண் அசையும். அடைத்த காது திறக்கும். பின்னால் நிற்பவன் "இடப்பக்கம் கம்பி" என்று சொல்வது அப்போது கேட்கும். அவ்வளவுக்கு வழிபாடு விமானிக்கு வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்கு மேல் கடவுள் என்ன செய்கிறார் என்பது அவரவர் வீட்டு விஷயம்.

நம்பிக்கை ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. 2009 மார்ச் 12ஆம் திகதி கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், எஸ் 92 ரக ஹெலி ஒன்றின் பிரதான கியர்பொக்சிலிருந்து எண்ணெய் முழுவதும் வெளியேறியது. வடிகட்டியைப் பிடித்திருந்த ஆணிகள் முறிந்திருந்தன. எண்ணெய் இல்லாமலும் அந்தக் கியர்பொக்ஸ் 30 நிமிடம் ஓடும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. உடனே கடலில் இறக்காமல் கரைக்குப் போகப் பார்த்தார்கள். ஏறக்குறைய 11 நிமிடம்தான் ஓடியது. 18 பேரில் ஒருவர் பிழைத்தார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சுழியத்தில் நிற்கிறது, மனம் முப்பதில் நிற்கிறது. விமானிகளுக்குள் பேச்சு ஒத்துழைப்பு நன்றாக நடக்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. யாராவது ஒருவர் அந்த முப்பதைச் சந்தேகித்திருக்க வேண்டிய இடம் அது.

அதனால், பறப்பவர்களின் நம்பிக்கையில் பெரும் பங்கு போகவேண்டியது தரையில் நிற்கிறவனுக்கு. ஆணியை முறுக்கியவன், முறுக்கியதைச் சரிபார்த்து ஏட்டில் கையெழுத்து வைத்தவன். எந்தச் செய்தியிலும் அவன் பெயர் வராது. ஹெலி பத்திரமாக இறங்கினால் விமானிக்கு மாலை. விழுந்தால் மட்டும் அவனுடைய ஏட்டைத் தேடுவார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய கதை ஒன்று. 1987 ஒக்டோபர் 11 இரவு. பலாலியிலிருந்து இந்திய விமானப்படையின் எம்.ஐ. 8 ஹெலிகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துக்குப் படையினரை இறக்கப் புறப்பட்டன. சில நிமிடப் பறப்புத்தான். வருகிறார்கள் என்பது புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சரமாரியான சூட்டுக்குள் ஹெலிகள் இறங்கின, ஏறின. உடம்பெல்லாம் துளையோடு பலாலிக்குத் திரும்பின. ஒன்றுகூட அங்கே விழவில்லை. இருட்டில், விளக்கில்லாமல், அடிபட்ட இயந்திரத்தோடு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சாதாரண காரியம் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு ஹெலிகளால் திரும்பி வர முடியவில்லை. மைதானத்தில் இறங்கியிருந்த சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள். பக்கத்தில் கொக்குவில் பிரம்படியில் எங்கள் சனம் கொல்லப்பட்டது. ஹெலிக்காரர் தப்பியதை ஓர் அற்புதமாகச் சொன்னால், அந்த அற்புதத்துக்குள் கீழே கிடந்தவர்களுக்கு என்ன இடம் என்று இன்றைக்கும் எனக்குப் பதில் இல்லை.

அந்த நாட்களில் நாங்கள் பங்கருக்குள் இருந்தபோது அம்மம்மா கந்தசஷ்டி நாளில் கும்பிடுவது மாதிரிக் கைகூப்பியபடியே இருப்பா. மேலே சத்தம் நெருங்க நெருங்க அவவின் வாய் வேகமாக அசையும். ஒருநாள் சத்தம் போன பிறகு கேட்டேன்.

"அம்மம்மா, மேல ஓடுறவனும் கும்பிடுவானோ?"

"கும்பிடாமல் ஏறியிருப்பானே ராசா."

"அப்ப சாமி யாற்ர பக்கம்?"

"தலையைக் குனி, இன்னொண்டு வருது."

இப்போது ஹெலி யாழ்ப்பாணத்துக்கு வருவதற்குக் காரணங்கள் வேறு. கடல் கொந்தளித்துப் படகு ஓட முடியாத நாளில் நெடுந்தீவில் யாருக்காவது கடுமையாகிவிட்டால், ஹெலி வந்து ஏற்றிக்கொண்டு போவதுண்டு. புழுதி எழும்பும், பூவரசு இலை பறக்கும், பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்கள். விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே முதலில் இறங்குபவர் விமானி அல்ல, கதவில் நின்றவர். நோயாளியிடம் அவர் ஓடுவதில்லை. வால் விசிறிப் பக்கம் சனம் போய்விடக் கூடாது என்று, வாலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். முன்னால் இருக்கிற இரண்டு விமானிகளுக்கும் அந்த இடம் தெரியாது. அவர் கையைக் காட்டும்வரை இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.